சாம்பல், சவர்க்காரம், நெல்லின் ஈரம்: பக்டரி ஐயாவின் தொழில் வாழ்க்கை

பெரியப்பாவை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சின்னன் பெரிசு எல்லாருக்கும் அவர் "பக்டரி ஐயா". பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை மூடி நாற்பது வருடத்துக்குக் கிட்ட ஆகிறது, அவர் அதில் இருந்ததும் பத்து வருடம் வரும், ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. 2023இல் அவர் காலமானபோது சந்தியில் கட்டிய கண்ணீர் அஞ்சலிப் பதாகையில் "வன்னி மண்ணின் விஞ்ஞானி" என்று போட்டிருந்தார்கள். பெரியம்மா அதை வாசித்துவிட்டு, "விஞ்ஞானி எண்டால் எதையாவது கண்டுபிடிச்சிருக்க வேணுமல்லோ, இந்த மனிசன் எல்லாத்தையும் நிறுத்துப் பாத்தது மட்டும்தான்" என்றார். செத்த வீட்டில் சொன்ன பேச்சு என்றாலும், அவரைப்பற்றி இவ்வளவு சரியாக வேறு யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.

அதனால் இது புகழுரை இல்லை. கிளிநொச்சிப் பக்கத்து ஒரு குடும்பம், கையில் முதல் இல்லாமல், பலமுறை இடம்பெயர்ந்து, ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு சிறுதொழிலை மறுபடி நிமிர்த்தியது எப்படி, எங்கே தவறவிட்டது என்பதைப் பார்ப்பதுதான் நோக்கம். போரின்போது வடக்குக்குச் சாமான் வராமல் அரசு போட்ட பொருளாதாரத் தடைக் காலத்தைப்பற்றி எழுதுகிறவர்கள் ஜாம் போத்தல் விளக்கையும் மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிளையும் சொல்லாமல் விடுவதில்லை. அவையெல்லாம் ஒருவர் கண்டுபிடித்ததில்லை, ஆளாளுக்குச் செய்து பார்த்துப் பரவியவை. ஜாம் போத்தல் விளக்கு பெரியப்பாவின் மூளையில் உதித்தது என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். மண்ணெண்ணெய் மோட்டார் சைக்கிள் விஷயத்தில் அவர் செய்தது ஒன்றே ஒன்று: எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி இஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும் என்பதால், ஒயிலில் ஒரு துளியைக் கடதாசியில் விட்டு, சுற்றிவரப் பரவும் ஈர வளையம் எவ்வளவு அகலம் என்று பார்த்து "மாத்து", "இன்னும் ஓடு" என்று சொல்வது. கராஜ்காரர்களுக்கு அது உதவியது. அதோடு அது முடிந்தது.

பரந்தன்

1950களில் அரசு தொடங்கிய தொழிற்சாலை அது. பக்கத்தில் ஆனையிறவு உப்பளம். அங்கிருந்து வரும் உப்பைத் தண்ணீரில் கரைத்து மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் கோஸ்டிக் சோடா, மறுபக்கம் குளோரின். பெரியப்பா ஏ.எல். எழுதியது பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்த 1970களில். கிளிநொச்சி அப்போது தனி மாவட்டமும் இல்லை, 1984 வரைக்கும் யாழ்ப்பாண மாவட்டத்தோடுதான் சேர்ந்திருந்தது, ஆகவே மாவட்ட ஒதுக்கீட்டில் யாழ்ப்பாணத்துப் பெரிய பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு போட்டி போட வேண்டும். பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. ஆய்வுகூட உதவியாளராகப் பரந்தனில் சேர்ந்தார்.

வேலை என்னவென்றால் காலையிலிருந்து பின்னேரம் வரை நியமிப்பு, அதாவது காரத்தின் பலத்தை அமிலத்தால் அளப்பது. குடுவையில் கோஸ்டிக் கரைசல், அதில் பினோப்தலீன் இரண்டு துளி விட்டால் இளஞ்சிவப்பு, மேலே பியூரெட்டிலிருந்து அமிலம் துளித்துளியாக விழ, ஏதோ ஒரு துளியில் நிறம் சட்டென்று போய்விடும். அந்தத் துளியில் கை நிற்க வேண்டும், அளவை எழுத வேண்டும், அடுத்த மாதிரி. கேட்கிறவருக்கு அலுப்பாக இருக்கும். அவர் அதைச் சொல்லும்போது ஏதோ கிரிக்கெட் மட்ச் சொல்வதுபோலச் சொல்லுவார். 1980களின் நடுவில் போரால் தொழிற்சாலை நின்றுபோக, வீட்டுக்கு வந்தது அவரும் அந்தப் பழக்கமும்தான். ஊரை விட்டுக் கிளம்பிய ஒரு நகைத் தொழிலாளியிடம் கண்ணாடிப் பெட்டியோடு நகைத் தராசு ஒன்றை வாங்கினார், பெரியம்மாவின் காப்பு ஒன்றை விற்று. அந்தச் சண்டை நான் பிறக்கும் முன்னமே தொடங்கி, நான் வளர்ந்த பிறகும் ஓயவில்லை.

சாம்பல் சவர்க்காரம்

முதலில் சவர்க்காரம் செய்தது சாதாரண முறையில்தான், கொழும்பிலிருந்து வரும் கோஸ்டிக் சோடாவும் தேங்காயெண்ணெயும். 1990 ஆனியில் போர் மறுபடி தொடங்கித் தடை வந்தபோது பெற்றோல், டீசல், பற்றறி, யூரியா, சீமெந்து என்று ஒவ்வொன்றாக நின்றதில் சவர்க்காரமும் அருந்தலானது. சனம் பனம்பழத்தால் உடுப்புத் தோய்க்கத் தொடங்கியது. அழுக்குப் போகும், அது உண்மை, ஆனால் கொடியில் காயும் சட்டையை மணம் பிடித்து வந்து மாடு சப்பிவிடும். எங்கள் வயதுக்காரர் யாரைக் கேட்டாலும் மாடு தின்ற சட்டைக் கதை ஒன்று இருக்கும்.

கோஸ்டிக் சோடா இல்லாமல் சவர்க்காரம் செய்ய முடியுமா என்றால் முடியும், உலகம் முழுக்க நூற்றாண்டுக் கணக்காகச் சாம்பலில்தான் செய்தார்கள். சாம்பலில் பொட்டாசியம் காபனேற்று இருக்கிறது. அதோடு நீற்றிய சுண்ணாம்பைச் சேர்த்தால் பொட்டாசியம் ஐதரொட்சைட்டு கரைசலில் நிற்க, சுண்ணாம்பு வெள்ளையாக அடியில் படியும். அந்தக் காரத்தில் எண்ணெயைக் காய்ச்சினால் சவர்க்காரம், ஆனால் களிபோல இளகியது. கட்டியாக வேண்டுமென்றால் உப்புக் கரைசலை ஊற்ற வேண்டும், பொட்டாசியத்தின் இடத்தில் சோடியம் ஏற, சவர்க்காரம் திரண்டு மேலே மிதக்கும். புத்தகத்தில் இது நாலு வரி. செய்கையில் எல்லாமே பிசகும்.

முதல் பிசகு சாம்பல். அரிசி ஆலைகளில் உமிச் சாம்பல் மலையாகக் கிடந்தது, சும்மா தருகிறோம் என்றார்கள். பெரியப்பா வாங்கவில்லை. உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, பாத்திரம் தேய்க்கலாம், காரம் வராது. வாழைத் தண்டுச் சாம்பலும் தென்னம் பொச்சுச் சாம்பலும்தான் அவருக்கு வேண்டும். பீப்பாவின் அடியில் வைக்கோல், மேலே சாம்பல், அதன் மேல் மழைத் தண்ணீர். கிணற்றுத் தண்ணீர் கடினத் தண்ணீர், காரத்தை அதுவே தின்றுவிடும். கீழே துளையால் பழுப்பு நிறத்தில் ஒழுகும். சனம் அதில் முட்டையை மிதக்கவிட்டுப் பார்க்கும், முட்டையின் தலை ஒரு காசு அளவுக்கு வெளியே தெரிந்தால் போதும் என்று. பெரியப்பாவுக்கு அது போதாது. முட்டை பழசென்றால் எந்தத் தண்ணீரிலும்தானே மிதக்கும்.

பினோப்தலீனுக்கு எங்கே போவது? மஞ்சள். மஞ்சள் காரத்தில் சிவக்கும், அமிலம் விடவிட மறுபடி மஞ்சளாகும். அமிலத்துக்கு வினாகிரி, பியூரெட்டுக்கு ஊசி மருந்து ஏற்றும் சிறிஞ். கடையில் வாங்கும் வினாகிரியின் செறிவு இவ்வளவுதான் என்று நம்ப முடியாது என்பதால், ஒரு போத்தல் முடியும் தறுவாயில் புதுப் போத்தலைத் திறந்து, ஒரே காரத்தை இரண்டாலும் அளந்து, வித்தியாசத்தை சி.ஆர். கொப்பியில் எழுதிக்கொள்வார். ஒவ்வொரு பீப்பாவுக்கும் ஒரு வரி: தேதி, எந்தச் சாம்பல், எத்தனை மில்லிலீற்றர், எவ்வளவு எண்ணெய். எண்ணெயும் ஒன்றில்லை. தேங்காயெண்ணெய்க்கு வேண்டிய காரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்குதான் இலுப்பை எண்ணெய்க்கும் வேப்பெண்ணெய்க்கும் வேண்டும், கலக்கும் விகிதம் மாறினால் கணக்கும் மாறும். கடைசியில், வெட்டிக் காயவைத்த கட்டியை விரலால் தேய்த்து நாக்கு நுனியில் வைப்பார். சுரீரென்றால் காரம் மிச்சம். நாங்கள் பெடியள் அதைப் பார்த்து, வீட்டில் வைத்திருக்கும் எந்தக் கட்டியையும் நக்கிப் பார்த்து அடி வாங்கியிருக்கிறோம்.

இப்படிச் செய்த சவர்க்காரம் அழகாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். பழுப்பு நிறம், இலுப்பை எண்ணெயின் நாற்றம், தலைக்குப் போட்டால் மயிர் வைக்கோல். ஆனால் உடுப்பு வெளுத்தது, மாடு கிட்ட வரவில்லை.

தொழிலாக அதை மாற்றியது பெரியம்மா. பதாகையில் பெயர் வராதவர் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். 1995 ஐப்பசிக் கடைசியில் யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்து, பிறகு கிளாலிக் கடல்நீரேரி கடந்து வன்னிக்குள் வந்துசேர, அடுத்த வருட நடுவில் இராணுவத்தின் சத்ஜெய நடவடிக்கை தொடங்கிக் கிளிநொச்சியும் காலியாக, நாங்கள் பீப்பாக்களை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு அக்கராயன், ஸ்கந்தபுரம் என்று நகர்ந்து மல்லாவியில் போய் நின்றோம். மல்லாவி அப்போது திடீர்ப் பட்டணம். சவர்க்காரம் கேட்டு ஆள் வருகிறது, ஆனால் ஆட்களிடம் காசும் இல்லை, எங்களிடம் சாம்பலும் இல்லை. பெரியம்மா ஒரு கணக்குப் போட்டார்: ஒரு கடகம் பொச்சுச் சாம்பல் கொண்டுவந்தால் அரைக் கட்டி சவர்க்காரம். அடுத்த கிழமையிலிருந்து சாம்பல் வீடு தேடி வந்தது. உமிச் சாம்பலைக் கலந்து கொண்டுவருபவர்களையும் அவரே பிடித்தார், தராசில் இல்லை, விரலால் உருட்டிப் பார்த்து. விலை, கடன் கொப்பி, யாருக்கு இனிக் கடனில்லை என்பது எல்லாம் அவர் கையில். பெரியப்பா அந்தக் கொப்பியைத் தொடக்கூடாது, தொட்டால் யாருடையதையாவது வெட்டிவிடுவார்.

இந்த ஆய்வில் திருப்புமுனை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது பிழையாய்ப்போன ஒரு வார்ப்புத்தான். பெரியப்பாவுக்கு மலேரியாக் காய்ச்சல், அந்தக் காலத்தில் வன்னியில் அது வராத ஆள் இல்லை. வினாகிரி முடிந்து புதுப் போத்தல் திறந்தாயிற்று, ஒப்பிட்டு அளக்கவில்லை. புதியது கொஞ்சம் செறிவு கூடியது, அதனால் குறைய அளவிலேயே நிறம் மாற, காரம் பலமில்லை என்று நினைத்துக் கூட ஊற்றிவிட்டார். உப்பும் தட்டுப்பாடான கிழமை என்பதால் மிச்சக் காரத்தை எடுக்கும் உப்புக் கழுவலும் குறைவு. காய்ச்சலில் வாய் கைத்துப்போயிருந்ததில் நாக்குச் சோதனையும் நடக்கவில்லை. கட்டிகள் விற்று இரண்டு மூன்று நாளில் கை எரிகிறது என்று ஒரு பெண் வந்து உள்ளங்கையைக் காட்டினார், தோல் உரிந்து சிவந்திருந்தது. பெரியப்பா கொப்பியைப் புரட்டினார், வினாகிரி வரி காலியாகக் கிடந்ததைக் கண்டார், அவ்வளவுதான். சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அந்த வார்ப்பு முழுவதையும் திருப்பி வாங்கினார். பாதி பாவித்த கட்டிக்கும் முழுக்கட்டி கொடுத்தார்.

பெரியம்மா ஒரு மாதம் சரியாகக் கதைக்கவில்லை. அடுத்த வார்ப்புக்கு எண்ணெய் வாங்கக் காசில்லை. சங்கக்கடைக்குப் போகும் நிவாரண அட்டையில்தான் வீடு ஓடியது. ஆனால் அதன் பிறகு ஒன்று நடந்தது. மல்லாவியில் அப்போது நாலைந்து பேர் சாம்பல் சவர்க்காரம் செய்தார்கள், "ஐயான்ர கட்டி" என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்கியது இவருடையதை மட்டும்தான். இதை இன்றைக்கு விளம்பரம் என்பார்கள். அப்போது எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் விசர்.

இன்னொரு விசரும் செய்தார். கூடச் செய்கிற அந்த நாலைந்து பேரையும் கூப்பிட்டு மஞ்சள், வினாகிரி, சிறிஞ் முறையைக் காட்டிக் கொடுத்தார். "சோத்தில மண்ணைப் போடுறியள்" என்று பெரியம்மா கத்தினார். "அவங்கள் பிழையாச் செய்தால் சனம் சாம்பல் சவுக்காரம் எண்டாலே வேண்டாம் எண்டிடும், பிறகு எங்கட கட்டியும் கிடக்கும்" என்பது அவருடைய மறுமொழி. எனக்கு இந்த வழக்கில் இன்றுவரை தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. காசைப் பொறுத்தவரை பெரியம்மா சொன்னதுதான் சரி, அந்த வருடம் வருமானம் விழுந்தது. சந்தையைப் பொறுத்தவரை பெரியப்பாவும் பிழையில்லை.

பாதை திறந்த பிறகு

2002இல் கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 பாதை திறந்தது. கொழும்புச் சவர்க்காரம் லொறியில் வந்து இறங்க, எங்கள் தொழில் சில மாதத்தில் படுத்தது. இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை, நாங்களே வாசச் சவர்க்காரம் வாங்கித்தான் குளித்தோம், பெரியப்பாவும் குளித்தார், "நல்ல சாமான்" என்று வேறு சொன்னார்.

கிளிநொச்சிக்குத் திரும்பி, கூரை போட்டு, பற்றறித் தண்ணீர் வடிக்கத் தொடங்கினார். மின்சாரம் இன்னும் வரவில்லை, வீட்டுக்கு வீடு பற்றறியில்தான் லைற்றும் டீவியும், வீதியில் வாகனமும் கூடிவிட்டது. கிணற்றுத் தண்ணீரை அப்படியே பற்றறிக்கு ஊற்றினால் அதிலுள்ள உப்புகள் தகட்டைக் கெடுக்கும். கொதிக்க வைத்து ஆவியைக் குளிர்த்திப் போத்தலில் அடைத்தால் காசு. பெரிய விஞ்ஞானம் இல்லை, லாபம் மட்டும் நல்லது. இவ்வளவு சுகமாக அவர் ஒருநாளும் உழைத்ததில்லை என்பது என் அபிப்பிராயம், அதனாலேயே அவருக்கு அதில் மனம் ஒட்டவில்லை.

மனம் ஒட்டியது நெல்லில். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களில் காலபோக அறுவடை முடிந்ததும் வியாபாரிகள் லொறியோடு வந்து நிற்பார்கள். நெல் ஈரம் என்று சொல்லி மூடைக்கு இத்தனை கிலோ கழிப்பது வழக்கம். எவ்வளவு கழிப்பது என்பதை வியாபாரி ஒரு நெல்மணியைக் கடித்துப் பார்த்துச் சொல்வார். விவசாயியும் கடித்துப் பார்ப்பார். இரண்டு பேர் பல்லுக்கும் நடுவில் நியாயம் எங்கே இருக்கிறது? பெரியப்பா பற்றறித் தண்ணீர்க் கொட்டிலின் வாசலில் மேசையைப் போட்டு நகைத் தராசை வைத்தார். பத்துக் கிராம் நெல்லை நிறுத்து, இடித்து, தகர அடுப்பில் எடை மாறாமல் நிற்கும்வரை காயவைத்து, மறுபடி நிறுத்தால் போன எடை தண்ணீர். எட்டுக் கிராம் மிஞ்சினால் ஈரம் 20 வீதம்.

இங்கேதான் அவர் யார் பக்கம் என்பது எல்லாருக்கும் விளங்கியது, அதாவது யார் பக்கமும் இல்லை. நெல்லுக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட ஈரம் 14 வீதம். 20இலிருந்து 14 போனால் 6, ஆகவே நூறு கிலோவுக்கு 6 கிலோ கழித்தால் போதும் என்று விவசாயிகள் வாதாடுவார்கள். "இல்லை, ஏழு" என்பார் பெரியப்பா. நூறு கிலோவில் காய்ந்த பகுதி 80 கிலோ, அந்த 80 மாறாது. ஈரம் 14 ஆகும்போது அந்த 80 மொத்தத்தில் 86 வீதமாக இருக்க வேண்டும், அப்படியென்றால் மொத்தம் 93 கிலோ. கழிவு 7. விவசாயிக்குக் கோபம், தங்கள் ஆள் என்று நினைத்தவர் வியாபாரிக்கு ஒரு கிலோ கூடக் கொடுக்கிறார். அதே கணக்கில் 70 கிலோ மூடைக்குக் கழிவு 5 கிலோவுக்குச் சற்றுக் குறைய, வியாபாரி கழிப்பது 8. மூடைக்கு 3 கிலோ, நூறு மூடையில் 300 கிலோ. வியாபாரிக்கும் கோபம். ஒரு பெரிய வியாபாரி தன் லொறி ஓட்டுனர்களுக்கு எங்களிடம் பற்றறித் தண்ணீர் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்படியும் இரண்டு மூன்று போகத்துக்குப் பிறகு அந்த வட்டாரத்தில் "மேசையில வைச்சுப் பாப்பம்" என்பது சாதாரணப் பேச்சாகிவிட்டது. அதற்கு அவர் ஒரு சதம் வாங்கவில்லை. பெரியம்மா அதற்கும் சண்டை பிடித்தார்.

2006 ஆவணியில் பாதை மறுபடி பூட்டப்பட்டது.

2008இன் கடைசியில்

இதை நீட்ட விரும்பவில்லை. போர் நெருங்க மறுபடி இடம்பெயர்வு: தருமபுரம், விசுவமடு, அதற்கப்பால். தருமபுரத்தில் ஒரு வளவில் எத்தனையோ குடும்பங்களுக்கு ஒரு கிணறு. சுகாதாரத் தொண்டர்கள் கிணற்றுக்குப் போட வெளிற்றும் தூளைக் (பிளீச்சிங் பவுடர்) கொடுத்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆட்கள் கையால் அள்ளிப் போட, தண்ணீர் குடிக்க முடியாமல் நாறும், அல்லது போட்டும் போடாத மாதிரி. பெரியப்பா கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி ஆழம் பார்த்தார். பத்தடி விட்டம், ஆறடித் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 13,300 லீற்றர். ஆயிரம் லீற்றருக்கு இரண்டரைக் கிராம், ஆகவே 33 கிராம். வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் கிணற்றில் ஊற்றி, அரை மணித்தியாலம் யாரையும் அள்ள விடாமல் கிணற்றுக்கட்டில் குந்தியிருந்தார். அந்த வளவில் இருந்தவரை வயிற்றோட்டம் பெரிதாக வரவில்லை. தராசு விசுவமடு வரைக்கும் வந்தது. அதற்குப் பிறகு யாரும் எதையும் தூக்கிக்கொண்டு போகவில்லை. கொப்பிகளும் போயின.

மகன் ஒருவர், என்னைவிட மூன்று வயது மூத்தவர், திரும்பி வரவில்லை. செத்தார் என்றும் இல்லை, இருக்கிறார் என்றும் இல்லை.

இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து 2010இல் வளவுக்கு வந்தபோது கிணறு மட்டும்தான் இருந்தது. பெரியப்பா அதற்கடுத்த ஒரு வருடம் எதையும் அளக்கவில்லை.

வீடு

குடும்பஸ்தர் என்ற சொல்லை அவருக்கு நான் யோசித்துத்தான் போடுகிறேன். சமைக்கத் தெரியாது, பிள்ளைகளின் பள்ளிக்கூட அலுவலுக்குப் போனது கிடையாது, கலியாண வீட்டில் மொய் எழுதும் இடத்தில் கணக்குப் பிழை பிடித்துச் சண்டை வாங்கி வருவார். பிள்ளைகள் மீதான பாசம் அவருக்கு எடையாகத்தான் வரும்: மாதம் ஒருமுறை மூவரையும் நெல் நிறுக்கும் தொங்கு தராசில் சாக்குப்பைக்குள் இருத்தி நிறுத்து, சுவரில் கரியால் எழுதி வைப்பார். அரைக் கிலோ குறைந்திருந்தால் அன்றைக்கு எங்கிருந்தாவது முட்டை வரும்.

2017 மாசி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் போராட்டம் தொடங்கியது. பெரியம்மா முதல் கிழமையிலேயே போய் உட்கார்ந்தார். பெரியப்பாவுக்கு அந்தக் கொட்டகைக்குள் இருக்க முடியவில்லை, அதை அவர் ஒருநாளும் விளக்கவும் இல்லை. ஆனால் மத்தியானத்தில் சோற்றுப் பார்சலைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, எதிர்ப்பக்கத்தில் சைக்கிளைச் சாத்தி, பெரியம்மா சாப்பிட்டு முடிக்கும்வரை நின்றுவிட்டு வருவார். அந்தச் சோற்றை அவித்ததும் அவர்தான். அறுபது வயதுக்குப் பிறகு பழகினார், அரிசிக்குத் தண்ணீரை அளந்து.

கடைசி வருடங்கள்

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்த முக்கியமான சாமான் கடன். பொம்பிளைகளைக் குழுவாகச் சேர்த்து, கிழமைக் கிழமை வாசலுக்கு வந்து அறவிடும் நுண்கடன். பெரியம்மா எடுக்க நினைத்தார், பெரியப்பா கடதாசியை வாங்கிப் பார்த்தார். 50,000 ரூபா, வருட வட்டி 24 வீதம், 52 கிழமை, கிழமைக்கு 1,192 ரூபா. "இருபத்துநாலு எண்டு இதில இருக்கு, ஆனால் முழு அம்பதாயிரமும் ஒரு கிழமைதானே உன்ர கையில நிக்குது, பிறகு ஒவ்வொரு கிழமையும் முதல் திரும்பிப் போகுது, வட்டி மட்டும் முழுக் காசுக்கும் எடுக்கிறாங்கள்." சரியாகப் போட்டுப் பார்த்தால் 40 வீதத்துக்கு மேல். பெரியம்மா எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிலரும் அவரிடம் கடதாசியைக் காட்ட வந்தார்கள், காட்டிவிட்டும் எடுத்தார்கள், வேறு வழி இருக்கவில்லை. கணக்குத் தெரிந்தால் கடன் வாங்க மாட்டார்கள் என்று நினைப்பது வயிறு நிறைந்தவர்களின் நினைப்பு.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தி, சேதனப் பசளை போடுங்கள் என்று அரசு சொன்னபோது அவர் படுத்த படுக்கை இல்லை, ஆனால் வெளியே போவது குறைந்துவிட்டது. வயற்காரர் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். 50 கிலோ யூரியா மூடையில் 23 கிலோ நைதரசன். நல்ல கூட்டெருவில் நூற்றுக்கு ஒரு பங்கு என்று வைத்தால், அதே 23 கிலோவுக்கு 2,300 கிலோ எரு வேண்டும். "ஆர் வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டார். ஒருவரும் இல்லை. கூட்டெரு கூடாது என்று அவர் சொல்லவில்லை, பத்து வருடம் போட்டு மண்ணைப் பழக்கிச் செய்ய வேண்டியதை ஒரு போகத்தில் செய்யச் சொல்கிறார்கள் என்றார்.

இனி, எங்கே சறுக்கினார்? பதிவு. நாற்பது வருடத்தில் எந்தத் தொழிலையும் அவர் பிரதேச செயலகத்தில் பதியவில்லை. அவருக்குப் பத்திரம் என்றால் சி.ஆர். கொப்பிதான், அதுவும் போய்விட்டது. 2010க்குப் பிறகு சிறுதொழில் கடன், உதவித்திட்டம் என்று வந்தபோதெல்லாம் முன்பு தொழில் செய்ததற்கு ஆதாரம் கேட்டார்கள், எங்களிடம் ஒரு துண்டும் இல்லை. மல்லாவியில் பாதிப் பேர் உடுப்புத் தோய்த்த சவர்க்காரம் காகிதத்தில் இருந்ததே இல்லை. இரண்டாவது, பெரியம்மாவின் மூளையைத் தொழிலின் பகுதியாக அவர் எண்ணவில்லை. அது வீட்டுச் சண்டை என்றே கடைசிவரை நினைத்தார். சாம்பலுக்குச் சவர்க்காரம் என்ற அந்த ஏற்பாடு இல்லையென்றால் அவருடைய மஞ்சளும் வினாகிரியும் ஒரு நல்ல பொழுதுபோக்காக முடிந்திருக்கும்.

இப்போது மூத்த மகள், எங்கள் அக்கா, அதே வளவில் வேப்பெண்ணெய்ச் சவர்க்காரம் செய்கிறார், முறையாகப் பதிந்து, லேபல் அடித்து. கோஸ்டிக் சோடாதான், சாம்பல் இல்லை. அறிவியல்நகரில், பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கும் பிள்ளைகள் வந்து சாம்பல் முறையைக் கேட்டால் சொல்லிக் கொடுப்பார், செய்யச் சொன்னால் சிரிப்பார், அந்த நாற்றத்தில் வளர்ந்தவருக்கு அது காணும். கொட்டிலின் வாசலில் மேசை மறுபடி வந்துவிட்டது, மின்தராசோடு. நெல் பார்க்க அக்கா காசு வாங்குகிறார். முதல் போகம் "ஐயா சும்மா பாத்தவர்" என்று முணுமுணுத்தார்கள், பெரியம்மா கதிரையைப் போட்டு வாசலில் இருந்ததில் அந்த முணுமுணுப்பு அடங்கிவிட்டது. கொண்டுவருகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: மேலே காய்ந்து கிடக்கும் மூடையில் ஒரு பிடி அள்ளி வந்தால் அக்கா திருப்பி அனுப்பிவிடுவார், ஏழெட்டு மூடையில் நடுவிலிருந்து எடுத்துக் கலந்து, பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டிக் கொண்டுவர வேண்டும்.